கார்த்தேஜ் வீரன் ஹானிபால்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடகரையில், இன்று டூனிசியா என வழங்கும் நாட்டில், கடலுக்குள் நீண்டு நிற்கும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் அங்கே கார்த்தேஜ் என்னும் பெருநகரம் சீரும் சிறப்புமாய் விளங்கிற்று. அந்நகரை நிறுவியோர் பினீசியர் என்னும் கடலோடிகள். மத்தியதரைக் கடலின் கீழைக்கரையில், லெபனான் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலமே அவர்தம் தாயகம். உழுது பயிரிட அங்கே இடம் மிகுதியில்லை. ஆனால் மலையிலே கப்பல் கட்டுதற்கேற்ற கேதுரு மரங்கள் ஓங்கி வளர்ந்தன. ஆகவே அம்மக்கள் கடலையே வயலாகவும் கப்பலையே ஏராகவும் கொண்டனர். ஒருவகைக் கடல் நத்தையினின்றும் செந்நீலச் சாயம் எடுத்து நாடுதோறும் விற்றனர். அவர்கள் கையாண்ட எழுத்துகளே பின்னர்க் கிரேக்கர்க்கும், கிரேக்கர் வாயிலாக ஐரோப்பிய மக்களுக்கும் நெடுங்கணக்காக அமைந்தன.

பினீசியரின் தலைசிறந்த நகராகிய தைரிலிருந்து வந்தோர் கி.மு. 814-ஆம் ஆண்டில் கார்த்தேஜை நிறுவினர் என்பது பழைய மரபு. எலிசா என்னும் அரசி, ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் வேண்டும் என்று அந்நாட்டாரிடம் விலைபேசி, அத்தோலை மெல்லிய வாராக அறுத்து ஒரு குன்றையே வளைத்துக் கொண்டாள் என்று கதை கூறும். கதை மெய்யோ பொய்யோ, வணிகர் நகரத்துக்கு ஏற்ற கதைதான். கார்த்தேஜ் என்பதற்கு அவர்கள் மொழியில் புதுநகர் என்பது பொருள். தாய்நகரம் அயல் மன்னர் கையில் சிக்கி நலிந்தபோது, சேய்நகரம் மேலைக் கடலின் தலைவியாயிற்று. சார்டினியா, மேற்குச் சிசிலி, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஆகியவற்றில் எல்லாம் அதன் துறைமுகங்கள் தோன்றின.

அந்நகரின் ஆட்சி செல்வக் குடியினர் கையில் இருந்தது. ஆண்டுதோறும் இருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். வாணிகத்திலும் கடற்செலவிலும் அவர்களுக்கு நிகர் எவரும் இலர். ஆனால் தரைப்போரை மட்டும் அவர்கள் பெரும்பாலும் கூலிக்கு விட்டனர். லிபியாக் காலாட்கள், நுமீதியக் குதிரை வீரர், ஸ்பெயின் நாட்டு வாள்வீரர், பலேரிக் தீவுக் கவணெறிவோர் எனப் பல மொழி பேசும் வீரர் அவர்தம் படையில் இருந்தனர். கூலி தவறாது வரும் வரையில் அப்படை நின்றது. எதிர்க்கரையில் இத்தாலி நாட்டிலே ரோமாபுரி வளர்ந்து வந்தது. அங்கோ ஏர் பிடித்த கையே வாளும் பிடித்தது.

இவ்விரு நகரங்களும் சிசிலித் தீவின் பொருட்டு கி.மு. 264-ல் போர் தொடங்கின. ரோமரிடம் அப்போது பெருங்கப்பற்படை இல்லை. தம் கையில் அகப்பட்ட கார்த்தேஜ்க் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு அவர்கள் புதுக்கப்பல்கள் கட்டினர். புயலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை இழந்தும் அவர்கள் ஓயவில்லை. போர் 23 ஆண்டுகள் நடந்தது. முடிவில், கி.மு. 241-ல், கடலையே ஆண்ட கார்த்தேஜ் கடற்போரிலேயே தோற்றது. சிசிலியை இழந்து, 3,200 தாலந்து வெள்ளி தண்டம் இறுக்க இசைந்தது. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோகிராம் எடை கொண்டது. கருவூலம் வறண்டமையால், போரிட்டு மீண்ட கூலிப்படையினர்க்குக் கொடுக்க வேண்டிய ஊதியத்தைக் குறைக்க ஆட்சியாளர் பேரம் பேசினர். படையினர் வெகுண்டு எழுந்து நகரையே அழிக்க முற்பட்டனர். அக்கலகம் அடங்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தச் சமயம் பார்த்து ரோமர் சார்டினியாத் தீவையும் பறித்து, மேலும் 1,200 தாலந்து கேட்டு வாங்கினர்.

இக்கொடுமைகளைக் கண்டு உள்ளம் கொதித்தவன் ஹாமில்கார் பார்க்கா என்னும் படைத்தலைவன். சிசிலியில் ரோமரால் வெல்லப்படாதவன் அவன். கலகத்தை அடக்கி நகரைக் காத்தவனும் அவனே. அவனுடைய மூத்த மகனே ஹானிபால். அவன் கி.மு. 247-ல் பிறந்தான். இழந்த செல்வத்தை ஸ்பெயின் நாட்டு வெள்ளிச் சுரங்கங்களைக் கொண்டு ஈடுசெய்யக் கருதி, ஹாமில்கார் கி.மு. 237-ல் அந்நாட்டிற்குப் புறப்பட்டான். ஒன்பது வயதுச் சிறுவனாகிய ஹானிபால் தானும் உடன்வரத் தந்தையை வேண்டினான். தந்தை அவனைப் பலிபீடத்தின் அருகே அழைத்துச் சென்று, அதன்மேல் கை வைத்து, ரோமர்க்கு ஒருபோதும் நண்பனாவதில்லை என்று ஆணையிடச் செய்தான். முதுமையில் ஒரு மன்னனுக்கு ஹானிபால் தானே இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தான் என்பர்.

அவன் வளர்ந்தது பாசறையில். தந்தை போரில் மாண்டான். அவனுக்குப்பின் தலைமை பூண்ட மைத்துனனும் கி.மு. 221-ல் கொலையுண்டான். படையினர் ஒருமுகமாக ஹானிபாலைத் தலைவனாகத் தேர்ந்தனர். அப்போது அவனுக்கு வயது 26. வெயிலும் குளிரும் அவனுக்கு ஒன்றே. காவல் வீரரிடையே போர்வை ஒன்றைப் போர்த்துக்கொண்டு வெறுந்தரையில் அவன் உறங்குவதைப் பலர் கண்டனர். போர்க்களத்தில் முதலில் புகுவோனும் இறுதியில் மீள்வோனும் அவனாகவே இருந்தான். இவற்றை எழுதி வைத்தவர்கள் அவனுடைய நண்பர்கள் அல்லர். அவனைக் கொடியவன் என்றும் வாக்குத் தவறுவோன் என்றும் தூற்றிய ரோமரே ஆவர். அவனைப் பற்றிக் கார்த்தேஜ் மக்கள் எழுதிய நூல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஸ்பெயின் நாட்டில் ரோமரோடு நட்புப் பூண்டிருந்த சகுந்தம் என்னும் நகரை ஹானிபால் எட்டு மாதம் முற்றுகையிட்டு கி.மு. 219-ல் கைப்பற்றினான். ரோமாபுரித் தூதர் கார்த்தேஜ் ஆட்சிமன்றத்திற்கு வந்து, அவனைத் தம்மிடம் ஒப்புவிக்குமாறு கேட்டனர். மன்றத்தார் மறுத்தனர். தூதர் தலைவன் தன் மேலாடையின் மடிப்பைச் சுட்டி, அதனுள்ளே போரும் அமைதியும் இருப்பதாகவும், வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்றும் கூறினான். விரும்பியதைத் தருக என்றனர் மன்றத்தார். அவன் மடிப்பை உதறிப் போரைத் தந்து சென்றான்.

ரோமரை அவர்தம் நாட்டிலேயே தாக்குதல் வேண்டும் என்பது ஹானிபாலின் துணிபு. ஆயினும் இத்தாலிக்குச் செல்லும் கடல் இப்போது ரோமர் வசம் இருந்தது. பன்னூறு ஆண்டு கடலாண்ட நகரத்தின் படைத்தலைவன், தன் பகைவர் வாயிலை அடையக் கால்நடையாக மலையேற வேண்டியதாயிற்று.

கி.மு. 218-ல் அவன் புறப்பட்டான். பிரனீசு மலையைக் கடந்து, ரோன் ஆற்றங்கரையை அடைந்தான். அகன்று விரைந்தோடும் அவ்வாற்றைக் கண்டு யானைகள் அஞ்சின. மரக்கட்டைகளைப் பிணைத்துப் பெருந்தெப்பங்கள் அமைத்து, அவற்றின்மேல் மண்ணைப் பரப்பி, தரை போலத் தோன்றச் செய்தனர். பெண்யானைகள் முன்னே நடக்க, ஏனையவை பின்தொடர்ந்தன. தெப்பம் அசைந்ததும் சில மிரண்டு நீரில் வீழ்ந்தன. அவையும் துதிக்கையை உயர்த்தி மூச்சுவிட்டுக்கொண்டே ஆற்றின் அடித்தரையில் நடந்து கரையேறின.

பின்னர் ஆல்ப்ஸ் மலை எதிர்ப்பட்டது. குளிர்காலம் நெருங்கியிருந்தது. குறுகிய கணவாய்களில் மலைவாணர் மறைந்திருந்து பாறைகளை உருட்டினர். பொதி சுமந்த குதிரைகள் அலறிக்கொண்டு பள்ளத்தில் வீழ்ந்தன. ஒன்பதாம் நாள் படை உச்சியை அடைந்தது. வெப்பநாட்டிலே பிறந்து வளர்ந்த வீரர் பனியைக் கண்டு மனம் தளர்ந்தனர். ஹானிபால் அவர்களை ஒரு முகட்டில் நிறுத்தி, கீழே பரந்து கிடந்த இத்தாலிச் சமவெளியைக் காட்டித் தேற்றினான். இறங்குவது ஏறுவதினும் கொடிதாயிற்று. ஓரிடத்தில் மண் சரிந்து வழியே இல்லாதொழிந்தது. வீரர்கள் பாறையை வெட்டிப் பாதை சமைத்தனர். யானைகள் செல்லுமளவு அதனை அகலப்படுத்த மூன்று நாட்கள் ஆயின. அதுவரை அவ்விலங்குகள் இரையின்றி வாடின. மலையைக் கடக்கப் பதினைந்து நாட்கள் ஆயின. ரோன் ஆற்றைத் தாண்டியபோது 38,000 காலாட்களும் 8,000 குதிரை வீரரும் இருந்தனர். இத்தாலியில் இறங்கியபோது எஞ்சியோர் 20,000 காலாட்களும் 6,000 குதிரை வீரருமே. இக்கணக்கை ஹானிபால் தானே பிற்காலத்தில் ஒரு வெண்கலத் தகட்டில் பொறித்து வைத்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதனைக் கண்டு குறித்துள்ளார்.

அதன்பின் வெற்றிமேல் வெற்றி விளைந்தது. திரெபியா ஆற்றங்கரையில், விடியற்காலையில் ரோமரைச் சினமூட்டி, உண்ணாத வயிற்றோடு உறைபனி ஆற்றில் இறங்கச் செய்தான். அவனுடைய வீரரோ உண்டு, தீக்காய்ந்து, உடலில் எண்ணெய் பூசி நின்றனர். அடுத்த ஆண்டு வசந்தத்தில் சதுப்பு நிலத்தின் வழியே உறக்கமின்றிச் சென்றபோது நோய் கண்டு அவனுடைய கண்களுள் ஒன்று ஒளியிழந்தது. அவன் நிற்கவில்லை. திராசிமீன் ஏரிக்கரையில் மூடுபனியிடையே ஒரு ரோமப் படையை வளைத்து, அதன் தலைவனோடு ஏறத்தாழ 15,000 பேரை மாய்த்தான். ரோமர் பேபியஸ் என்பவனைத் தலைவனாக்கினர். அவன் போரிடாமல் மலைமேடுகளிலேயே பின்தொடர்ந்து, ஹானிபாலைக் களைப்புறச் செய்ய முயன்றான். ஒருமுறை பள்ளத்தாக்கு ஒன்றில் ஹானிபாலை அடைத்தும் விட்டான். ஹானிபால் இரவில் 2,000 எருதுகளின் கொம்புகளில் சுள்ளிகளைக் கட்டிக் கொளுத்தி மலைமேல் விரட்டினான். படை மலையேறுகிறது என்று எண்ணிக் கணவாய்க் காவலர் அங்கே ஓட, அவன் கணவாய் வழியே அமைதியாக வெளியேறினான்.

கி.மு. 216-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கன்னே என்னும் இடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. ரோமர் பக்கம் ஏறத்தாழ 80,000 காலாட்கள் திரண்டனர். ஹானிபாலிடம் 40,000 பேரே இருந்தனர். குதிரைப்படையில் மட்டும் அவனுக்கு மிகுதி. அவன் தன் படையின் நடுப்பகுதியைப் பிறைபோல் முன்னே வளைத்து மெல்லியதாக நிறுத்தினான். வலிமை மிக்க லிபிய வீரரை இரு பக்கமும் ஒதுக்கி வைத்தான். ரோமர் நடுவிலே மோதினர். பிறை மெல்ல மெல்லப் பின்வாங்கிற்று. வெற்றி கண்டோம் என்று ரோமர் மேன்மேலும் நெருங்கி உள்ளே புகுந்தனர். அப்போது லிபியர் இரு பக்கமும் திரும்பித் தாக்கினர். ரோமக் குதிரைப்படையை ஓட்டிவிட்ட ஹானிபாலின் குதிரை வீரர் பின்புறத்தை அடைத்தனர். நெருக்கத்தில் வாளை ஓங்கவும் இடமின்றி, அன்று மாலைக்குள் ஏறத்தாழ 50,000 ரோமர் மாண்டனர். இப்போரின் அமைப்பைப் படைத்தொழில் பயில்வோர் இந்நாளிலும் ஆராய்ந்து கற்கின்றனர்.

உடனே ரோமாபுரியின்மேல் செல்லுமாறு குதிரைப்படைத் தலைவன் வற்புறுத்தினான். ஹானிபால் இசையவில்லை. மதில்சூழ்ந்த பெருநகரை முற்றுகையிடும் பொறிகளும் படைப்பெருக்கமும் அவனிடம் இல்லை. மேலும், நகரங்களை அழிப்பதைவிட ரோமரின் நட்பு நாடுகளை அவர்களிடமிருந்து பிரிப்பதே அவன் நோக்கம். தென்னாட்டில் காப்புவா முதலிய பல நகரங்கள் அவன் பக்கம் சேர்ந்தன. ஆனால் ரோமாபுரியைச் சூழ்ந்த லத்தீன் நகரங்கள் ஒன்றேனும் அசையவில்லை. அவன் கணக்குப் பிழைத்தது இங்கேதான்.

கன்னேயில் தோற்று மீண்ட ரோமத் தலைவன் ஊர்திரும்பியபோது, மக்கள் அவனைத் தண்டிக்கவில்லை. நாட்டைப்பற்றி நம்பிக்கை இழக்காது மீண்டமைக்காக நன்றி கூறினர். சமாதானம் என்ற சொல்லை எவரும் எடுக்கவில்லை. சிறைப்பட்டோரைப் பணம் கொடுத்து மீட்கவும் மறுத்தனர். அடிமைகளுள் 8,000 பேரை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தனர். அதே வேளையில் ஹானிபாலின் தம்பி மாகோ, கார்த்தேஜ் மன்றத்தின் வாயிலில், களத்தில் மாண்ட ரோமச் செல்வர்களின் பொன் மோதிரங்களைக் குவியலாகக் கொட்டி, துணைப்படை வேண்டி நின்றான். ஹன்னோ என்னும் முதியவன், வென்றவனுக்குத் துணை எதற்கு என்னும் கருத்துப்பட ஏளனம் செய்தான். மன்றம் சிறிது உதவி அனுப்பியது. படைகளுள் பெரும்பகுதியை வெள்ளிச் சுரங்கங்களைக் காக்க ஸ்பெயினுக்கே அனுப்பிற்று.

பின்வந்த ஆண்டுகள் நீண்டவை. ஹானிபால் தென்னித்தாலியில் ஊர் ஊராக அலைந்து, சிறு போர்களில் வென்று, பெரிய பயன் ஒன்றும் காணாதிருந்தான். காப்புவாவை ரோமர் முற்றுகையிட்டபோது, அவர்களைத் திசைதிருப்பக் கருதி கி.மு. 211-ல் ரோமாபுரியின் வாயில்வரை சென்று பாசறை அமைத்தான். அவன் பாசறை இருந்த நிலமே அந்நாளில் நகருக்குள் ஏலத்திற்கு வந்ததாம். விலை சிறிதும் குறையாமல் விற்றதாம். காப்புவா வீழ்ந்தது. கி.மு. 207-ல் மற்றொரு தம்பி ஹஸ்துருபால், அதே ஆல்ப்ஸ் மலையைக் கடந்து துணைப்படையோடு வந்தான். அண்ணன் அவனைக் காணவில்லை. ரோமர் மெத்தாரஸ் ஆற்றங்கரையில் அவனைக் கொன்று, தலையை ஹானிபாலின் பாசறைக்குள் எறிந்தனர்.

இவ்வளவு துன்பத்திலும் அவனுடைய படையில் ஒருமுறையேனும் கலகம் நேரவில்லை. கூலி கிடைக்காமல் ஒருநாள் கார்த்தேஜையே சூறையாட எழுந்த அதே இனத்தார்தாம் இவர்கள். லிபியர், ஸ்பானியர், கால் நாட்டார், நுமீதியர் என ஒருவர் பேச்சு மற்றொருவர்க்கு விளங்காத மக்கள், அயல்நாட்டில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவன் ஒருவனை நம்பி நின்றனர். அவன் பெற்ற வெற்றிகள் அனைத்தினும் இதுவே அரிது எனலாம்.

ரோமர் தரப்பில் சிபியோ என்னும் இளைஞன் தோன்றினான். அவன் ஸ்பெயினைக் கைப்பற்றி, கி.மு. 204-ல் ஆப்பிரிக்காவில் இறங்கினான். நடுங்கிய மன்றத்தார் ஹானிபாலைத் திரும்ப அழைத்தனர். ஒன்பது வயதில் விட்டுச்சென்ற தாய்நாட்டில் அவன் 44 வயதில் காலடி வைத்தான். கி.மு. 202-ல் சாமா என்னுமிடத்தில் இரு தலைவரும் முதலில் நேரில் சந்தித்துப் பேசினர். சமாதானம் கூடவில்லை. ஹானிபாலிடம் 80 யானைகள் இருந்தன. ஆனால் சிறந்த நுமீதியக் குதிரைப்படை மாசினிசா என்னும் மன்னனோடு ரோமர் பக்கம் சேர்ந்துவிட்டது. ரோமர் எக்காளம் ஊதி யானைகளை மிரட்டினர்; தம் அணிகளுக்கிடையே சந்துபோல் வழிவிட்டு அவற்றைப் போகவிட்டனர். இத்தாலியிலிருந்து வந்த பழைய வீரர் மட்டும் இறுதிவரை பொருதனர். முடிவில் மாசினிசாவின் குதிரை வீரர் பின்புறம் வந்து வளைத்தனர். கன்னேயில் ரோமர்க்கு நேர்ந்தது சாமாவில் அவனுக்கு நேர்ந்தது.

இனிப் போரிடுவது வீண் என்று மன்றத்தில் எடுத்துரைத்தவன் ஹானிபாலே. கி.மு. 201-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. பத்துக் கப்பல் நீங்கலாகப் போர்க்கப்பல் அனைத்தும், எல்லா யானைகளும் ரோமரிடம் ஒப்படைக்கப்பட்டன. ரோமர் இசைவின்றிப் போர் செய்தல் கூடாது. 50 ஆண்டுகளில் 10,000 தாலந்து செலுத்த வேண்டும். நகரத்தார் கண்ணெதிரே கப்பல்கள் தீக்கிரையாயின. முதல் தவணைக்காக வரி தண்டப்பட்டபோது மன்றத்தில் பலர் கண்ணீர் விட்டனர். ஹானிபால் சிரித்தான். அவர்கள் கடிந்துகொள்ளவே, ஆயுதங்களைப் பறிகொடுத்து, கப்பல்கள் எரிந்த அன்றே அழுதிருக்க வேண்டும் என்றும், பொதுக்கேட்டுக்கு அழாதவர் தத்தம் பணப்பைக்கு அழுவது கண்டே தனக்குச் சிரிப்பு வந்தது என்றும், அச்சிரிப்பும் மகிழ்ச்சியால் வந்ததன்று என்றும் விடையிறுத்தான்.

கி.மு. 196-ல் மக்கள் அவனை ஆட்சித்தலைவனாகத் தேர்ந்தனர். வாளை வைத்துவிட்டு அவன் கணக்கேடுகளைக் கையில் எடுத்தான். நாட்டின் வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு, இடையில் மறைந்தது எவ்வளவு என்று துருவி ஆராய்ந்தான். செல்வர் சிலர் பொதுப்பணத்தை விழுங்கி வந்தது வெளிப்பட்டது. அதனை மீட்டால் ஏழைமக்கள்மேல் புதுவரி விதிக்காமலே ரோமர்க்குரிய தண்டத்தைச் செலுத்தலாம் என்று காட்டினான். வாழ்நாள் முழுதும் பதவியில் அமர்ந்து எவர்க்கும் அஞ்சாதிருந்த நடுவர் குழுவினரை, ஆண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கச் சட்டம் செய்தான். நாடு விரைவில் தழைத்தது. கி.மு. 191-ல் எஞ்சிய தண்டம் முழுவதையும் ஒரே முறையில் செலுத்தக் கார்த்தேஜ் முன்வந்தது. ரோமர் ஏற்க மறுத்தனர்.

அந்நாளைக் காண ஹானிபால் நகரில் இல்லை. களவு வெளிப்பட்ட செல்வர், அவன் ரோமர்க்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறான் என்று ரோமாபுரிக்கு ஓலை விடுத்தனர். கி.மு. 195-ல் ரோமத் தூதர் வந்தனர். பிடித்துக் கொடுக்கப்படுவோம் என்று உணர்ந்த ஹானிபால், இரவோடிரவாகக் கப்பலேறினான். முதலில் அவனுக்கு இடமளித்தது கார்த்தேஜின் தாய்நகரமாகிய தைர். அங்கிருந்து சிரியா மன்னன் அந்தியோக்கஸிடம் சென்றான். அம்மன்னன் அவன் அறிவுரையைக் கேளாது போரிட்டு ரோமரிடம் தோற்றான். பின்னர் நாடுவிட்டு நாடு அலைந்து, இறுதியில் கருங்கடலை அடுத்த பித்தினியா நாட்டில் அடைக்கலம் புகுந்தான். கி.மு. 183-ல் ரோமர் அங்கும் ஆள் அனுப்பினர். அவன் தன் வீட்டிற்குப் பல வாயில்கள் அமைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் வீரர் நிற்பதை ஏவலாள் வந்து சொன்னான். எப்போதும் உடன்வைத்திருந்த நஞ்சை அருந்தி ஹானிபால் உயிர்விட்டான். அவனை வென்ற சிபியோவும் ஏறத்தாழ அதே காலத்தில், தன் நகரத்தின்மேல் கசப்புற்று, சிற்றூர் ஒன்றில் ஒதுங்கியிருந்தே இறந்தான்.

கார்த்தேஜ் மேலும் 37 ஆண்டுகள் வாழ்ந்தது. மாசினிசா அதன் நிலங்களைச் சிறிது சிறிதாகக் கவர்ந்தான். பொறுக்கலாற்றாமல் அது இசைவின்றிப் போரிட்டதைக் காரணமாகக் காட்டி, கி.மு. 149-ல் ரோமர் படையெடுத்தனர். கார்த்தேஜ் மக்கள் 300 சிறுவரைப் பிணையாக அனுப்பினர். இரண்டு இலட்சம் பேருக்கான படைக்கலங்களை ஒப்படைத்தனர். அதன்பின்னரே ரோமர் தம் இறுதிக் கட்டளையை வெளியிட்டனர். நகரை விட்டு நீங்கி, கடலிலிருந்து பத்து மைல் உள்ளே சென்று குடியேற வேண்டும் என்பது அது. கடலால் பிறந்து கடலால் வாழ்ந்த மக்கள் அதற்கு இசையவில்லை. கோயில்களையே உலைக்களமாக்கி இரவுபகலாகப் படைக்கலம் வடித்தனர். பெண்கள் தம் கூந்தலை அறுத்துக் கவண்பொறிகளுக்குக் கயிறு திரித்தனர். மூன்று ஆண்டுகள் நகரம் தாங்கி நின்றது. கி.மு. 146-ல் அது வீழ்ந்தது. தெருத்தெருவாக, வீடுவீடாகப் போர் நடந்தது. எஞ்சிய 50,000 பேர் அடிமைகளாயினர். நகரம் தீக்கிரையாயிற்று. ரோமர் அவ்விடத்தில் உப்பை விதைத்தனர் என்று சொல்வதுண்டு. பழைய நூல் எதிலும் அச்செய்தி இல்லை.

நகரத்து நூல்நிலையங்களில் இருந்த ஏடுகளை ரோமர் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டனர். மாகோ என்பவன் எழுதிய 28 பகுதிகள் கொண்ட உழவு நூல் ஒன்றை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு, தம் மொழியில் பெயர்க்கச் செய்தனர். அந்நகரின் கடைசி நாட்களில் 220 போர்க்கப்பல்கள் நிற்பதற்கேற்ப வட்டவடிவாய் அமைந்திருந்த துறைமுகம், டூனிஸ் நகரை அடுத்த கடற்கரையில் நடுவே ஒரு சிறு தீவோடு குளமாக இன்றும் கிடக்கின்றது.